பத்திரமாக இருங்கள்

வருஷத்தில் மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கோப்பையில் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருக்கும். ஐப்பசியில் ஏறும். பொங்கலுக்குத்தான் இறங்கும். நடுவில் யாருக்காவது அவசரம் என்றால் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார வேண்டும். எழுந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். வருகிற விருந்தாளிகள் முதலில் திகைப்பார்கள். பிறகு காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னதும் சாப்பாடு வேண்டாம் என்பார்கள்.

காரணம் இதுதான். சென்னையின் தென்கோடியில் எங்கள் தெரு. மழை வலுத்தால் தெருத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும். சாக்கடை நிரம்பினால் எதிர்த்துக்கொண்டு வரும். வருகிற வழி எங்கள் வீட்டுக் கழிப்பறையில் முடிகிறது. வாசல் வழியாக வரும் வெள்ளத்துக்காவது கொஞ்சம் நாகரிகம் உண்டு. படியேறி, கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, வரலாமா என்று கேட்டுக்கொண்டு வரும். இது கேட்காது. மூட்டை இல்லையென்றால், ஊர் காலையில் கழித்தது மாலையில் எங்கள் கூடத்தில் மிதக்கும். இல்லம் தேடிக் கல்வி வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. எங்களைத் தேடி இது வருகிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் அறிவிப்பு வருகிறது: பொதுமக்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் பத்திரமாக இருக்கவும்.

கூடவே ஒரு பட்டியல். டார்ச், மாற்று பேட்டரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, உலர் உணவு, குடிநீர், மாத்திரை மருந்து, முதலுதவிப் பெட்டி. பட்டியலில் தப்பு ஒன்றுமில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்து எழுதியிருக்கிறார். அவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார் என்பதும் தெரிகிறது. கழிப்பறைக்கு மணல் மூட்டை என்று அதில் எங்கேயும் இல்லை.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. முக்கிய ஆவணங்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரமான இடத்தில் வைக்கவும். வைத்தோம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், சுகர் ரிப்போர்ட், எல்லாம் பரண் மேல். வீட்டுப் பத்திரம்? அது வங்கியில் இருக்கிறது. கடன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. பத்திரம் அங்கே பத்திரமாக இருக்கிறது. இத்தனை மழையில் அதன் மேல் ஒரு சொட்டு ஈரம் பட்டதில்லை. வீடு முங்கலாம். தவணை முங்காது.

கரண்ட் இல்லாத ஒரு மழை ராத்திரியில் அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தேன். பொழுது போகவில்லை. நான்கெல்லை விவரம் எழுதியிருந்தது. வடக்கே ஒரு மனை. தெற்கே ஒரு மனை. கிழக்கே 20 அடி ரோடு. மேற்கே ஓடைப் புறம்போக்கு.

இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். மேற்கே ஓடையை நான் பார்த்ததில்லை. மேற்கே இருப்பது மூன்று மாடிக் கட்டடமும் ஒரு பேக்கரியும். இப்போது புரிகிறது. ஓடை எங்கேயும் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊருக்கு வந்துபோகிறது, அவ்வளவுதான். ஆக்கிரமிப்பாளர் நாங்கள்தான். ஆனால் எங்கள் ஆக்கிரமிப்புக்கு அங்கீகாரம் உண்டு. வரைபடத்தில் ஒருவர் முத்திரை குத்தினார். பதிவு அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டார். முத்திரைத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம், அதற்கும் மேல் ரசீது தராத கட்டணம். ஓடையின் மடியை எனக்கு விற்றதில் பங்கு வாங்கிய அத்தனை பேரும் இன்றைக்கு ஒரே குரலில் சொல்கிறார்கள்: தாழ்வான பகுதியில் வசிப்போர் எச்சரிக்கையாக இருக்கவும்.

தாழ்வான பகுதி என்பது எது? தியாகராய நகர் நூறு வருஷத்துக்கு முன் மாம்பலம் ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. வியூ மழைக்காலத்தில் மட்டும் கிடைக்கும். வீட்டு வசதி வாரியம் முகப்பேரில் மனை போட்டபோது அதற்கு ஏரித் திட்டம் என்றே பெயர். ஏரி என்று சொல்லியே ஏரியை விற்ற நேர்மையை நாம் மதிக்க வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. உலகமே பாராட்டியது. அதன் ஒரு ஓரத்தில் மாநகரத்தின் குப்பை மலை நிற்கிறது. அது பாராட்டுப் பத்திரத்தில் வரவில்லை.

குடிநீரைச் சேமித்து வைக்கவும். இதுவும் பட்டியலில் உண்டு. 2019 ஜூலையில் இந்த ஊருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2021 நவம்பரில் இதே ஊரின் தியாகராய நகர், ஸ்மார்ட் சிட்டி என்று கோடிகளைக் கொட்டி இழைத்த தியாகராய நகர், முழங்கால் தண்ணீரில் நின்றது. தவித்த வாய்க்கும் முங்கிய காலுக்கும் நடுவே இரண்டே வருஷம். ஏரிகளைத் தூர்த்தவர்கள் எங்களிடம் சொல்கிறார்கள்: குடத்தில் பிடித்து வையுங்கள்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளவும். நல்ல யோசனை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது. ஊரெல்லாம் மரம் சாய்ந்தது. கரண்ட் கம்பம் மடங்கியது. அன்றைக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து 34 நாள். ஏ.டி.எம். இருந்தது, பணம் இல்லை. கார்டு இருந்தது, கரண்ட் இல்லை. பழைய நோட்டு இருந்தது, மதிப்பு இல்லை. ரொக்கமில்லாப் பொருளாதாரத்தை நாட்டிலேயே முதலில் முழுதாக அனுபவித்தவர்கள் நாங்கள்தான். மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார். அந்த நோட்டு மட்டும்தான் அந்த வாரம் செல்லுபடியானது.

செல்போனை முழுவதுமாகச் சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளவும். 2023 அக்டோபரில் ஒரு நாள், போன் திடீரென்று ஊளையிட்டது. பேரிடர் எச்சரிக்கைச் சோதனை, பயப்பட வேண்டாம் என்றது திரை. எதிர்வீட்டு அம்மா பயந்துபோய்ப் போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் நிஜமாகவே தண்ணீர் ஏறியபோது எங்கள் தெருவில் ஒரு போனும் வாய் திறக்கவில்லை. கரண்ட் போனது. டவர் போனது. சும்மா இருந்தபோது குரைத்துவிட்டுத் திருடன் வந்தபோது சுருண்டு படுத்துக்கொண்ட நாயை வீட்டில் வைத்திருக்கலாமா? நான் மாதம் முந்நூறு ரூபாய் கட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டிலேயே இருங்கள் என்றார்களே, அன்றைக்கு நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? மாடிவீட்டுக்காரர் வீட்டில். இரண்டு அறை, பதினோரு பேர், ஒரு நாய், எதிர்வீட்டு அம்மாவின் தையல் மிஷின். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. அரிசி அவருடையது. சிலிண்டர் அவருடையது. கழிப்பறைக்கு மட்டும் தண்ணீரை எண்ணி ஊற்றச் சொன்னார், அதையும் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். பால் பாக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் கேட்ட விலைக்கு அதைப் பால் என்று சொல்ல வாய் கூசியது. இரண்டு ராத்திரி அப்படிப் போயிற்று. பேரிடர் மேலாண்மைக்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு ஒரு மாடிவீட்டுக்காரர் இருந்தார். அவருக்கு எந்த அரசாணையும் கிடையாது.

உதவி எண்ணை அழைத்தோம். சிக்னல் கிடைத்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல். மழையில் ஏறி நின்று அழைத்தேன். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்றது ஒரு பெண் குரல். தெரியும் என்றேன். ரேஷனுக்கு வரிசையில் இருக்கிறேன். ஓட்டுக்கு வரிசையில் இருக்கிறேன். ஆதார் திருத்தத்துக்கு, குழாய்த் தண்ணீருக்கு, பிறகு நிவாரணம் 6,000 ரூபாய்க்கு டோக்கன் வாங்கவும் வரிசையில்தான் நிற்கப் போகிறேன். படகுக்கு நிற்க மாட்டேனா?

படகு வந்தது. எங்கள் தெருவுக்கு இல்லை. காரப்பாக்கத்தில் நடிகர் விஷ்ணு விஷால் தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். தீயணைப்புத் துறைப் படகு போனது. வெளியான படத்தில் பார்த்தால் படகில் ஆமிர் கான்! மும்பையிலிருந்து வந்தவர் இங்கே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், பாவம். நடிகர் மேல் குற்றமில்லை. முங்கியவன் கத்தத்தான் வேண்டும். படகு ஓட்டிய தீயணைப்பு வீரர் மேல் சுத்தமாகக் குற்றமில்லை. அவர் அந்தப் பகுதியில் பெயர் தெரியாத பலரையும் ஏற்றியிருக்கிறார். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே என் வீட்டுப் பட்டியலைத் திருத்திவிட்டேன். டார்ச் ஒன்று. மெழுகுவத்தி ஒரு பாக்கெட். ஆமிர் கான் ஒருவர்.

மழைநீர் வடிகால் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 4,000 கோடி என்ற எண்ணை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். செலவழித்துவிட்டோம், இனி தண்ணீர் நிற்காது என்றார்கள். நின்றது. எங்கே போயிற்று நாலாயிரம் என்று எதிர்க்கட்சி கேட்டது. முழுதும் இன்னும் செலவழிக்கவில்லை என்றது பதில். செலவழித்தும் இப்படியா என்று நாம் கொதித்தோம். இன்னும் முழுதாகச் செலவழிக்கவே இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். நடுவில் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு, வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்து 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. மார்ச்சில் அறிக்கை. டிசம்பரில் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளவே இல்லை.

எதிர்க்கட்சி என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். 2015-ல் ஆண்டவர்கள்தான் அது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது அவர்கள் ஆட்சி. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று தணிக்கைத் துறையே எழுதி, அந்த அறிக்கை 2018-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. அந்த மனிதர்கள் நாங்கள்தான் என்று யாரும் முன்வரவில்லை. அந்த வெள்ளத்தில்தான் யாரோ பெற்ற பிள்ளைகள் லாரி லாரியாகக் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை மறித்து, முதல்வர் முகம் போட்ட 'அம்மா' ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சோறு ஊசிப்போகும், பரவாயில்லை, ஸ்டிக்கர் நேராக இருக்க வேண்டும். டெல்லி சும்மா இருந்ததா? பிரதமர் வானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்க்கும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. விமான ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி ஒட்டுவேலை. கையும் களவுமாகப் பிடிபட்டதும் படத்தை எடுத்துவிட்டார்கள். இங்கே சோற்றின் மேல் முகத்தை ஒட்டினார்கள். அங்கே முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளத்தை ஒட்டினார்கள். பசை ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவே ஜனங்கள் ஒன்று கற்றுக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அன்றைக்கு வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாலம் நெடுக இரண்டு ஓரமும் கார். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் தலைமை தாங்கவில்லை. தவணை முடியாத காரைத் தண்ணீர் ஏறாத ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போட்டால் போடட்டும், என்ஜின் மாற்றுவதைவிட அது மலிவு என்றார்கள். பிறகு அபராதம் இல்லை என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்தபோது ஆயர்பாடி அதன் கீழே ஒதுங்கியது. நம் ஆட்சியாளர்கள் மேம்பாலம் பிடித்தார்கள். நாம் மேலே ஒதுங்கினோம். அந்த முறை பயந்த அளவு மழை இல்லை. ஏமாற்றிவிட்டதே வானிலை மையம் என்று சிலர் கேலி செய்தார்கள். சிரித்தவர்களைக் கவனியுங்கள். ஒருவர்கூட மேம்பாலத்தைக் கட்டியவர்களைப் பார்த்து, ஏனய்யா எங்கள் தெருவை விட்டுவிட்டு இதை மட்டும் தண்ணீர் நிற்காதபடி கட்டினீர்கள் என்று கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கேலியும் அடங்கியது. நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் போகவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி பொழுது விடியும் முன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தென்பெண்ணையில் இறங்கியது. எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொன்னது. கொடுத்திருப்பார்கள். கரையோரத்துக் கிராமங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தின நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அவர்கள் வெளியே சுற்றவில்லை. வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வர வேண்டாம்.

ரோடு பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் வீடு கட்டியபோது வாசலில் ஐந்து படி ஏறி உள்ளே வர வேண்டும். இப்போது ஒரு படி இறங்கி உள்ளே போகிறோம். வீடு தாழவில்லை. ரோடு வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய ரோட்டின் தலையிலேயே புது ரோட்டை ஊற்றுகிறார்கள். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார்: பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் போகும் என்று. எங்கள் தெருவில் சுரண்டாமலே போட்டார்கள். கான்டிராக்டரைக் கேட்டேன். அதற்கு மிஷின் இல்லை சார் என்றார். சுரண்டத் தெரியாது என்று இந்தத் தொழிலில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். கார் டயருக்கு வைப்போமே, அதே ஜாக்கி. நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்து வீட்டையே நாலடி உயர்த்துகிறார்கள். செலவு பல லட்சம். ஒருவன் தன் சொந்தப் பணத்தில் தன் வீட்டை அரசாங்கத்திடமிருந்து நாலடி தள்ளி வைக்கிறான். முடிந்தவன் வீட்டைத் தூக்குகிறான். முடியாதவன் கட்டிலைத் தூக்குகிறான்.

எதிர்வீட்டு அம்மா கட்டில் கட்சி. 2015-க்குப் பிறகு காலுக்கு இரண்டு செங்கல் வைத்தார். 2021-ல் மூன்றாயிற்று. மிக்ஜாமுக்குப் பிறகு ஐந்து. ஏறிப் படுக்க ஒரு முக்காலி போட்டிருக்கிறார். வயது எழுபத்து நாலு. முட்டி வலி. போன வாரம் செங்கல் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எத்தனைம்மா?"

"காலுக்கு இன்னும் ரெண்டு, தம்பி."

"ரொம்ப உசரமாயிடுமேம்மா."

"ஆமாம்ப்பா. இப்பவே கட்டில் மேல நின்னு பரண்ல சாமான் எடுத்தா ஃபேன் தலையில இடிக்குது." மேலே பார்த்தார். "எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லு. அதைக் கழட்டிடலாம். மழைன்னா எப்படியும் கரண்ட் இருக்காது."